மூட் வராவிட்டாலும் வேலையைத் தொடங்கப் பழகுவது எப்படி? (தொடங்குபவர்களுக்கு)

எழுத வேண்டும், வரைய வேண்டும், ஒரு பாடத்தை ஒழுங்காகப் படித்து முடிக்க வேண்டும் என்று ஆசை இருக்கும். மூட் வரட்டும் என்று காத்திருப்போம். பெரும்பாலும் உட்கார்ந்து பத்து நிமிடம் வேலை பார்த்த பிறகுதான் அந்த மூடே எட்டிப்பார்க்கிறது. அதனால் முதலில் பழக வேண்டியது தொடங்குவதைத்தான். தேவையானவை: ஒரு நோட்டு, ஒரு பேனா, சில வெற்றுத்தாள்கள், ஒரு டைமர், தினமும் கால் மணி நேரம்.

படி 1: ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வேலையை மட்டும் எழுதுங்கள். இரண்டு வேண்டாம். "தினமும் எழுதுவேன்" என்று எழுதினால் போதாது. "காலையில் பல் துலக்கியதும், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, கதையின் அடுத்த பத்தியை எழுதுவேன்" என்று எழுதுங்கள். எப்போது, எங்கே, என்ன என்ற மூன்றும் இதில் முடிவாகிவிடுகின்றன. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்கள், வெறும் எண்ணத்தோடு நின்றவர்களைவிட அதிகம் செய்து முடித்தார்கள்.

கடிகார நேரத்தைவிட, ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போடுவதே நல்லது என்பேன். ஆறு மணி என்பது ஆறரையாக நழுவும். பல் துலக்காமல் யாரும் இருப்பதில்லை.

படி 2: டைமரை 15 நிமிடத்துக்கு வையுங்கள்

தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துப் படித்த பிரான்செஸ்கோ சிரில்லோ, 1980களின் இறுதியில் 'பொமொடோரோ' (இத்தாலிய மொழியில் தக்காளி) முறையை உருவாக்கினார். அதில் 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. புதிதாகத் தொடங்குபவருக்கு 25 கொஞ்சம் அதிகம், 15 போதும். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

படி 3: பக்கத்தில் ஒரு வெற்றுத்தாள்

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உட்கார்ந்த மூன்றாவது நிமிடமே மனம் எங்கோ கிளம்பிவிடும். அதை அதட்டி அடக்க முயன்றால் அந்தப் போராட்டத்திலேயே நேரம் போய்விடும். மனதில் வந்ததை ஓரிரு சொல்லில் தாளில் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். கதை எழுதும் ஒருவரின் தாள் இப்படி இருக்கும்:

கரண்ட் பில்
அக்காவுக்குப் போன்
இரண்டாம் காட்சியில் மழை வேண்டாம், வெயில்?
சார்ஜர் எங்கே
கிழவர் ஏன் செருப்பைக் கழற்றவில்லை

டைமர் அடித்ததும் இரண்டு நிமிடம் ஒதுக்கித் தாளில் உள்ளவற்றை வகை பிரித்துவிடுங்கள். பில், போன் போன்றவற்றுக்குப் பக்கத்தில் 'மதியம் சாப்பிட்டதும்' என்பதுபோல ஒரு நேரம் எழுதுங்கள். முடிக்காத வேலை நடுவில் நினைவுக்கு வந்து தொந்தரவு செய்வது, அதை எப்போது எப்படிச் செய்வோம் என்று திட்டமிட்டதும் குறைகிறது. உளவியலாளர்கள் மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் காட்டினார்கள்.

இப்போது மழை வரியையும் செருப்பு வரியையும் பாருங்கள். இரண்டும் கவனச்சிதறல் மாதிரிதான் வந்தன, ஆனால் கதைக்கு உயிர் தருபவை. இவற்றை நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு எடுத்தெழுதுங்கள். வாரம் ஒருமுறை அந்தப் பக்கங்களைப் படியுங்கள். என்னைக் கேட்டால், கற்பனைக்கென்று தனிப் பயிற்சியே வேண்டாம், இந்தச் சேமிப்பு ஒன்றே போதும்.

படி 4: அடுத்த அடியை எழுதிவிட்டு எழுந்திருங்கள்

நிறுத்தும்போது, "நாளை: கிழவர் கதவைத் திறக்கிறார்" என்று ஒரு வரி. மறுநாள் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

படி 5: சிக்கிக்கொண்டால் நடங்கள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் ஒப்பெசோ, ஷ்வார்ட்ஸ் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருந்தபோது தோன்றியதைவிட நடந்தபோது அதிகப் புது யோசனைகள் தோன்றின. வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தாலும் பலன் இருந்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை உள்ள கேள்விகளுக்கு நடை உதவவில்லை. அதனால் 'வேறு எப்படிச் செய்யலாம்' என்பதற்கு எழுந்து நடங்கள், கணக்குச் சரிபார்க்க உட்காருங்கள். நடக்கும்போது காதில் எதுவும் ஓட வேண்டாம், அந்தத் தாள் மட்டும் பையில் இருக்கட்டும்.

படி 6: தேதியில் ஒரு டிக்

வேலை எப்படி வந்தது என்று மதிப்பெண் போடாதீர்கள். உட்கார்ந்தீர்களா? டிக். அவ்வளவுதான்.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். அதை நம்பி 22ஆம் நாள் மனம் உடைந்துபோக வேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர ஆகும் காலம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுத்தரமாக 66 நாள். எளிய காரியம் சீக்கிரம் படியும், கடினமானது இழுக்கும். இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. விட்ட நாளுக்காக மறுநாள் இரட்டிப்பாக உட்கார வேண்டாம், வழக்கமான 15 நிமிடமே போதும். தொடர்ந்து மூன்று நாள் விட்டுப்போனால் முதல் பக்கத்துக்குத் திரும்பி அந்த வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள். பெரும்பாலும் நேரமோ இடமோ பொருந்தாமல் இருக்கும்.

எப்போது கூட்டலாம்?

டைமர் அடித்தும் எழுந்திருக்க மனமில்லாத நாட்கள் அடிக்கடி வந்தால், ஐந்து நிமிடம் கூட்டுங்கள். இரண்டாவது வேலையைச் சேர்ப்பதென்றால், முதல் வேலை நினைவூட்டல் இல்லாமல் தானாக நடக்கும்வரை பொறுங்கள். அப்புறம் அதற்கும் தனியாக ஒரு வாக்கியம் எழுதி, வேறொரு அன்றாடக் காரியத்தோடு முடிச்சுப் போடுங்கள்.