50 + 20 எழுபது இல்லை: அடுத்தடுத்து விலை குறையும் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி நெருங்கிவிட்டால் கோலாலம்பூரின் கடைத்தெருவான ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் கால் வைக்க இடம் இருக்காது. கடைக்குக் கடை மலிவு விற்பனைப் பலகை. ஒன்றில் ‘50% + 20%’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. மேலாண்மை மேற்படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வுக்கு என்னிடம் படிக்கும் பையன் ஒருவன் கூட வந்திருந்தான். 200 வெள்ளி (ரிங்கிட்) விலை போட்டிருந்த சேலையைப் பார்த்ததும், “எழுபது போச்சுன்னா 60 வெள்ளிதான் சார்” என்றான். கல்லாவில் இருந்த அக்கா கால்குலேட்டரைத் தட்டி 80 என்றார். முதலில் பாதி போய் 100. அந்த நூறில் 20 விழுக்காடு போய் 80. மொத்தத் தள்ளுபடி 60 விழுக்காடுதான்.

தேர்வில் இதே கேள்வி நேராக வந்தால் அவன் தப்பு செய்ய மாட்டான். டேட்டா சஃபிஷியன்சி வடிவத்தில் வரும்போதுதான் சறுக்குகிறான். அங்கே விடை என்ன என்று கேட்பதில்லை. இரண்டு கூற்றுகளைக் கொடுத்து, விடை காண இவை போதுமா என்று மட்டும் கேட்பார்கள். முதல் கூற்று மட்டுமே போதும் என்றால் ஏ, இரண்டாவது மட்டுமே போதும் என்றால் பி, இரண்டும் சேர்ந்தால்தான் போதும் என்றால் சி, தனித்தனியாகவே போதும் என்றால் டி, சேர்ந்தும் போதாது என்றால் இ. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் இந்தக் கேள்விகள் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் இருக்கின்றன. 20 கேள்விகளுக்கு 45 நிமிடம், திரையில் கால்குலேட்டர் உண்டு. கால்குலேட்டர் இருப்பதாலேயே தேவையில்லாத கணக்கையும் போட்டுப் பார்த்து நேரத்தை விடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

சரி, ஒரு கேள்வி. ஒரு கைப்பேசியின் விலை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஒரே விழுக்காட்டில் குறைகிறது. அந்த விழுக்காடு என்ன? முதல் கூற்று: இரண்டு ஆண்டு முடிவில் விலை, தொடக்க விலையில் 64 விழுக்காடு. இரண்டாம் கூற்று: தொடக்க விலை 2,000 வெள்ளி.

வகுப்பில் பாதிப் பேர் சி என்பார்கள். வெள்ளியில் ஒரு தொகை கண்ணில் பட்டால்தான் அவர்களுக்கு மனம் ஆறும். ஆனால் கேள்வி விழுக்காட்டைத்தான் கேட்கிறது. 2,000 என்றாலும் 20 என்றாலும் விகிதம் மாறாது. ஒவ்வோர் ஆண்டும் மிஞ்சும் பங்கை அதாலேயே பெருக்கினால் 0.64 வரவேண்டும். அப்படியானால் மிஞ்சுவது 0.8, குறைந்தது 20 விழுக்காடு. விடை ஏ.

இங்கே கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் விழும் குழி வேறு. “வர்க்கச் சமன்பாடாச்சே, −0.8 கூட வருமே, இரண்டு விடை இருந்தால் போதாதுதானே?” என்பார்கள். −0.8 என்றால் விலை 180 விழுக்காடு குறைந்தது என்று ஆகும். கடைக்காரர் கைப்பேசியையும் கொடுத்து, மேலே காசும் கொடுக்க வேண்டியிருக்கும்! சமன்பாட்டுக்கு எத்தனை விடை என்பதல்ல, கதைக்குப் பொருந்தும் விடை எத்தனை என்பதைத்தான் எண்ண வேண்டும்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. விலை முதலில் அ விழுக்காடு குறைகிறது, அப்புறம் ஆ விழுக்காடு குறைகிறது. மொத்தத்தில் எத்தனை விழுக்காடு குறைந்தது? முதல் கூற்று: இரண்டையும் கூட்டினால் 40. இரண்டாம் கூற்று: இரண்டையும் பெருக்கினால் 300.

கூட்டுத்தொகை மட்டும் போதாது. 20, 20 என்றால் மிஞ்சுவது 64 விழுக்காடு. 10, 30 என்றால் 63. பெருக்குத்தொகையும் தனியாகப் போதாது. 10, 30 என்றால் 63. 15, 20 என்றால் 68. இரண்டாம் கூற்றைப் பார்க்கும்போது முதல் கூற்றின் 40 மனதில் ஒட்டிக்கொண்டிருந்தால், 10, 30 மட்டும்தான் தோன்றும், பி என்று போட்டுவிடுவோம். இது அவசரத்தில் எனக்கே நடந்திருக்கிறது. அதனால் இரண்டாம் கூற்றுக்குத் தாளில் தனி இடத்தில் புதிதாகத் தொடங்கச் சொல்கிறேன்.

இரண்டையும் சேர்த்தால் எண்கள் 10, 30 என்று தெரிந்துவிடும். எது முதலில் என்று தெரியாது. “எது அ, எது ஆ என்றே தெரியலையே, அப்போ இ” என்று முடித்துவிடுகிறார்கள். தெரிய வேண்டிய அவசியமே இல்லை. 0.9ஐ 0.7ஆல் பெருக்கினாலும், 0.7ஐ 0.9ஆல் பெருக்கினாலும் 0.63தான். குறைந்தது 37 விழுக்காடு, விடை சி. பலகையில் ‘20% + 50%’ என்று மாற்றி எழுதியிருந்தாலும் அந்தச் சேலை 80 வெள்ளிதான்.

தொடக்க விலை கொடுக்கவில்லை என்றதும் கைவிடுவதும் உண்டு. ஒரே விழுக்காட்டில் இரண்டு முறை விலை குறைகிறது. தொடக்க விலை என்ன? முதல் முறை குறைந்தது 40 வெள்ளி என்கிறது ஒரு கூற்று, இரண்டாம் முறை 32 வெள்ளி என்கிறது மற்றது. தனித்தனியாக எதற்கும் ஆகாது. சேர்த்துப் பார்த்தால், குறையும் தொகையும் விலையோடு சேர்ந்து அதே விகிதத்தில்தான் சுருங்கும். 32ஐ 40ஆல் வகுத்தால் 0.8. ஆக, 40 வெள்ளி என்பது 20 விழுக்காடு. தொடக்க விலை 200.

கடைசியாக, ‘எத்தனை முறை’ என்று கேட்கும் கேள்வி. ஒவ்வொரு முறையும் 10 விழுக்காடு குறைகிறது. இறுதி விலை தொடக்க விலையில் 45 விழுக்காட்டுக்கு மேல், 50க்குக் கீழ் என்று ஒரு கூற்று. சரியான விலையைச் சொல்லாமல் இடைவெளியை மட்டும் சொல்வதால் போதாது என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். ஆறு முறை குறைந்தால் மிஞ்சுவது சுமார் 53.1 விழுக்காடு, ஏழு முறைக்கு 47.8, எட்டு முறைக்கு 43. இடைவெளிக்குள் ஏழு மட்டும்தான் வருகிறது, போதும். அதே கூற்று 50க்கு மேல், 60க்குக் கீழ் என்றிருந்தால், ஐந்து முறைக்கு மிஞ்சும் 59ம் ஆறு முறைக்கு மிஞ்சும் 53.1ம் உள்ளே வந்துவிடும், போதாது. கால்குலேட்டரில் 0.9ஐத் தட்டித் தட்டிப் பெருக்க வேண்டிய கேள்வி என்றால் அது இதுதான்.