மலைமொழிகளைப் பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோடர், கோத்தர், இருளர், குறும்பர் பேசும் மொழிகளைப் பதிவு செய்ய நீலகிரிக்குப் புதிது புதிதாக இளைஞர்கள் வருகிறார்கள். உண்மையான அக்கறையோடுதான் வருகிறார்கள். ஆனால் இந்த வேலையில் முதலில் இறங்கிய நாங்கள் செய்த பிழைகளையே அவர்களும் செய்கிறார்கள். மின்விசிறிச் சத்தம், சார்ஜ் தீர்ந்த போன் எல்லாம் ஒரே நாளில் தானாகத் திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தமிழ் எழுத்தில் எழுதியாச்சு என்று ஒலியை அழிப்பது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான். ஒரு மாணவர் தோடர் மூதாட்டி ஒருவரிடம் பால்மனைச் (எருமைப் பாலைப் பேணும் புனிதக் குடில்) சடங்குகளைப் பற்றிக் கேட்டு, அவர் சொன்னதை நோட்டு நிறையத் தமிழ் எழுத்தில் எழுதினார். போனில் இடமில்லை என்று ஒலிப்பதிவை அழித்துவிட்டார். பாட்டி இப்போது இல்லை. நோட்டைப் பேரனிடம் கொடுத்தோம். அன்றாடச் சொற்களை ஊகித்துப் படித்தான். பழைய சடங்குச் சொற்கள் வந்ததும் நின்றுவிட்டான். இது கல்லில் வரும் 'க'வா, தங்கத்தில் வரும் 'க'வா? நோட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை.

தமிழில் அந்த இரண்டுக்கும் ஒரே எழுத்து; இடத்தைப் பார்த்து நாம் மாற்றி உச்சரித்துக்கொள்கிறோம். தோட மொழியில் அவை தனித்தனி ஒலிகள். நாவை உருட்டிச் சொல்லும் ஒலிகள் மட்டுமே அதில் ஆறு. நம்மிடம் இருப்பதோ ர, ற.

"மொழியியலாளர் எமனோ கையால்தானே எழுதினார்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், 1930-களில் நீலகிரியில் தங்கித் தோடர் பாடல்களை எழுதினார். ஆனால் அவர் மொழியியல் படித்துவிட்டு வந்தவர், ஒவ்வொரு ஒலிக்கும் தனிக்குறி வைத்திருந்தார். அப்படியும் அந்தப் பாடல் தொகுப்பு 1971-ல்தான் அச்சானது.

அதனால் ஒலியைச் சுருக்காத வேவ் (.wav) கோப்பாகவே வையுங்கள், இரண்டு இடங்களில். பதிவின் தொடக்கத்திலேயே பேசுபவர் பெயர், ஊர், தேதியைச் சொல்லிவிடுங்கள். எழுதுவதை அப்புறம், அந்த மொழிக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம்.

சொல் பட்டியலோடு நிறுத்துவது

"இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டால் பெயர் மட்டும்தான் கிடைக்கும். இரண்டு பேரைத் தங்களுக்குள் பேசவிடுங்கள். காணாமல் போன எருமை, கல்யாணச் செலவு, எதுவானாலும் சரி.

அனுமதி கேட்காமல் பதிவது

கூடவே கூடாது.

"இது தமிழின் கிளைதானே" என்பது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருளத்தைத் தமிழுக்குள்ளும் படுகத்தைக் கன்னடத்துக்குள்ளும் சேர்த்தது. பத்தாயிரம் பேர்கூடப் பேசாத தோட, கோத்த மொழிகளை அந்தப் பட்டியலில் தனியாகக் காண முடியாது. அது அரசின் கணக்கு. அதை நம்பி ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "உங்களுடையது கொச்சைத் தமிழ்" என்று சொல்லாதீர்கள். பள்ளியில் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பல பிள்ளைகள் வீட்டு மொழியை வெளியில் பேசக் கூச்சப்படுகிறார்கள்.

பதிவோடு ஊருக்குக் கிளம்பிவிடுவது

ஒரு மெமரி கார்டில் ஏற்றி, பேசியவர் கையில் கொடுத்த பிறகு பஸ் ஏறுங்கள்.