நாய் கார்ப்பெட்டில் உச்சா போய்விட்டதா? முதலில் இதையெல்லாம் செய்யாதீர்கள்

கார்ப்பெட்டில் ஈரத்தைப் பார்த்ததும் கை தானாகத் துணியை எடுத்துப் பரபரவென்று தேய்க்கப் போகும். தேய்க்காதீர்கள். உள்ளங்கை அளவு இருந்த ஈரம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவும், இழைகளும் பிசிறு பிசிறாகப் பிரிந்துபோய் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். காய்ந்த பழைய துண்டை நாலாக மடித்து மேலே போட்டு, அதன் மேல் ஏறி நில்லுங்கள். ஆமாம், காலால்தான், கையால் எவ்வளவு அழுத்தினாலும் உடம்பு எடைக்கு ஈடாகாது. அரை நிமிடம் கழித்துத் திருப்பிப் பார்த்தால் துண்டின் அடிப்பக்கம் மஞ்சளாக ஊறியிருக்கும். ஈரம் ஏறுவது நிற்கும்வரை துண்டை மாற்றிக்கொண்டே இருங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், பிரச்சினை நம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. ஒருமுறை எங்கள் வீட்டுக் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். மேலே சின்ன வட்டம், அடியில் இருந்த மெத்தைப் படலத்தில் அதைப் போல இரண்டு மடங்கு! மேலே மட்டும் துடைத்துவிட்டு வாசனை ஸ்பிரே அடித்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் காற்றில் ஈரப்பதம் ஏறும் நாளில் அடியில் காய்ந்துகிடந்த உப்புகள் மறுபடி ஈரம் இழுத்து அதே வாடையைக் கிளப்பும். நமக்கு வாடை தெரியாவிட்டாலும் நாயின் மூக்குக்குத் தெரியும், திரும்ப அங்கேயேதான் போய் நிற்கும்.

வெந்நீரும் நீராவி இயந்திரமும் வேண்டவே வேண்டாம். சூடு பட்டால் கறையும் வாடையும் இழையோடு ஒட்டிக்கொள்ளும்.

அம்மோனியா கலந்த கிளீனரும் தப்பு. சிறுநீரில் இருக்கும் யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போது வருவதும் அம்மோனியாதான், அதையே மேலே ஊற்றினால் 'இது உன் இடம்' என்று நாய்க்கு நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. பிளீச் இதைவிட மோசம், கார்ப்பெட்டின் நிறம் போவது ஒருபக்கம் இருக்கட்டும், அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு வரும்.

வினிகரும் சமையல் சோடாவும் தனித்தனியாக நல்லவை. சம அளவு தண்ணீர் கலந்த வினிகர் அம்மோனியா வாடையைக் குறைக்கும், சோடா மேலாக இருக்கும் வாடையை உறிஞ்சும். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். அந்த நுரையில் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடுகிறது, மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். கறை போக ஹைட்ரஜன் பெராக்சைடு போடுவதென்றால் 3 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள், கம்பளி கார்ப்பெட்டில் அதுவும் கூடாது, மற்றவற்றிலும் சோபாவுக்கு அடியில் ஒரு மூலையில் தடவி நிறம் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான். வினிகர் இருக்கும் பாட்டிலில் அதைக் கலக்கவும் கூடாது.

என் கணக்கில் காசு கொடுத்து வாங்க வேண்டியது என்சைம் கிளீனர், அதாவது சிறுநீரின் வாடைப் பொருள்களை உடைக்கும் நொதிகள் கலந்த கிளீனர் ஒன்றுதான். அதையும் பாதிப் பேர் வீணாக்குகிறார்கள், மேலாக இரண்டு தடவை பீய்ச்சி, ஐந்து நிமிடத்தில் துடைத்து, 'சும்மா ஏமாற்று வேலை' என்று திட்டுகிறார்கள். சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்க வேண்டும், பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் முழுக்க ஈரமாகவே இருக்க வேண்டும், காய்ந்தால் என்சைமின் வேலை அதோடு நின்றுவிடும். அதற்கு முன்னால் வேறு கிளீனர் போட்டிருந்தால் குளிர்ந்த தண்ணீரால் அலசி ஒற்றி எடுங்கள். வேலை முடிந்தபின் ஃபேனைப் போட்டு அடிவரை காய விடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை நாற்றம் வேறு சேர்ந்துகொள்ளும்.

நாயைத் திட்டுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை, அடுத்த தடவை சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உச்சா போகும், அவ்வளவுதான். வெளியே போய் உச்சா போகப் பழகிய நாய் திடீரென்று அடிக்கடி இப்படிச் செய்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், சிறுநீர்த் தொற்றோ சர்க்கரை நோயோ காரணமாக இருக்கலாம்.

கறை எங்கே என்றே தெரியாமல் வாடை மட்டும் வந்தால், விளக்கை அணைத்துவிட்டு புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய சிறுநீர் மங்கலான மஞ்சளாக ஒளிரும், ஒன்று என்று நினைத்த இடத்தில் நாலு இருக்கும், விளக்கைப் போடுவதற்குள் சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுங்கள். ஆனால் சோப்புத் தூள் மிச்சமிருந்தாலும் ஒளிரும், எது எது என்று பிரிக்க மண்டியிட்டு முகர்ந்துதான் பார்க்க வேண்டும்.