ஓட்டத்தில் சார்ஜ் ஏறவில்லையா? பழைய 24 வோல்ட் பஸ்ஸில் முதலில் எங்கே கை வைப்பது

கோயில் டிரிப், கல்யாண டிரிப் என்று பழைய லேலண்டு, டாடா பஸ் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் இன்ஜின், 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாகக் கோத்து 24 வோல்ட், அந்த மாதிரி வண்டி. ஓடிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிய ஆரம்பிக்கும், இல்லையென்றால் டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் செல்ப் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். உடனே சுற்றி நிற்கிற எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "டைனமோ போயிடுச்சுண்ணே, மாத்திடுங்க." டைனமோ என்று அவர்கள் சொல்வது ஆல்டர்னேட்டரை, இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற சாமான். அதை மாற்றுவதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் செலவு பண்ணுங்கள். பழைய வண்டியில் ஆல்டர்னேட்டர் செத்துப்போவதைவிட, அதைச் சுற்றியிருக்கிற பெல்ட், லக்கு (ஒயர் முனையில் போல்ட்டில் மாட்டுகிற வளையம்), எர்த், ஒரு சின்ன பல்பு இதில் ஏதாவது ஒன்று காலை வாருவதுதான் அதிகம்.

முதலில், வண்டி நடுவழியில் நின்றுவிடுமா என்ற பயம். மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஓடுவதற்கு கரண்ட் தேவையில்லை. ஆனால் ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் வண்டியை நிறுத்துவது இழுக்கிற நாப்பா, சாவியா? நாப் என்றால் கவலையே இல்லை. சாவியை அணைத்தால் இன்ஜின் நிற்கிறது என்றால் பம்ப்பில் கரண்டில் இயங்கி டீசலை அடைக்கிற ஸ்டாப் சொலினாய்டு இருக்கிறது. சிலவற்றில் அது கரண்ட் இருக்கும்வரைதான் டீசலை விடும், பேட்டரி ஒரேயடியாக இறங்கினால் இன்ஜினும் அணைந்துவிடும். உங்களுடையது எந்த வகை என்று ஊரில் இருக்கும்போதே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மற்றபடி பகல் வெளிச்சத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஏசி, டிவி, ஆம்ப்ளிஃபயர், சீரியல் லைட், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்ஜினை நிறுத்தாமல், நிழலும் இடமும் உள்ள ஒரு பெட்ரோல் பங்க் வரை தாராளமாகப் போகலாம். வளைவிலோ பாலத்தின் மேலோ நிறுத்திப் பார்க்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, பெல்ட். விளக்கு எரிந்த அதே நேரத்தில் இன்ஜின் சூடும் ஏறுகிறது என்றால் அங்கேயே ஓரங்கட்டுங்கள். பல இன்ஜின்களில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. அது அறுந்திருந்தால் பேட்டரியைப் பற்றி யோசிக்கிற நேரமில்லை, ஹெட் போய்விடும்.

நிறுத்தியாயிற்று. டயருக்குக் கட்டை, பின்னால் முக்கோணம். அப்புறம் கையில் இருக்கிற காப்பு, மோதிரம், ஸ்டீல் செயின் வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி கிளீனரிடம் கொடுங்கள். ஆல்டர்னேட்டர் பின்னாலுள்ள தடித்த ஒயர், சாவி போட்டாலும் போடாவிட்டாலும் பேட்டரியோடு நேராக இணைந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் நடுவே ஒரு இரும்புக் காப்பு மாட்டினால் அது சிவந்துபோகும், உள்ளே உங்கள் மணிக்கட்டு இருக்கும். ஸ்பேனர் போடுவதென்றால், பேட்டரி இணைப்பைத் துண்டிக்கிற கட் ஆஃப் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான். அதே சுவிட்சை இன்ஜின் ஓடும்போது மட்டும் தொடவே தொடாதீர்கள், பேட்டரி டெர்மினலையும் கழற்றக் கூடாது. "பேட்டரியைக் கழட்டிப் பாரு, இன்ஜின் நின்னா டைனமோ அவுட்டு" என்று ஒரு சோதனை சொல்வார்கள். டீசல் இன்ஜினில் அதற்கு அர்த்தமே இல்லை. வோல்டேஜ் எகிறி, ஆல்டர்னேட்டருக்குள் நன்றாக இருந்த டயோடும் (ஏசி கரண்டை டிசியாக மாற்றுவது) போய்விடும்.

பெல்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டு புல்லிக்கும் நடுவே நீளமான பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர், மிஞ்சிப்போனால் ஒன்றேகால் சென்டிமீட்டர் இறங்கலாம். அதைவிட இறங்கினால் லூஸ். அழுத்தமாக இருந்தும் ஏறவில்லை என்றால் புல்லியின் பள்ளத்தைப் பாருங்கள். வி பெல்ட் இரண்டு பக்கச் சுவரில்தான் பிடிக்க வேண்டும். தேய்ந்த பெல்ட் அடியில் இறங்கி உட்கார்ந்துவிடும், பள்ளத்தின் அடிப்பகுதி கண்ணாடி மாதிரி மினுமினுக்கும். அப்படி மினுமினுத்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும், பெல்ட்டை மாற்றித்தான் ஆக வேண்டும். மழையில் குமுளி மலை ஏறும்போது ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டதும் 'கிரீச்' என்று கத்தினால் அதுவும் இதே கதைதான். ரொம்ப இறுக்கினாலும் ஆபத்து, பேரிங் போகும்.

அடுத்தது அந்த சிவப்பு விளக்கு. அது வெறும் எச்சரிக்கை விளக்கு இல்லை. பல ஆல்டர்னேட்டர்களில் அந்த பல்பு வழியாகப் போகிற கொஞ்சூண்டு கரண்ட்தான் உள்ளே சுற்றுகிற ரோட்டரை முதன்முதலில் காந்தமாக்குகிறது. பல்பு பீஸ் போயிருந்தால் ஆல்டர்னேட்டர் விழிக்கவே விழிக்காது, இல்லையென்றால் ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்த பிறகுதான் விழிக்கும். அதனால் இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையா? ஆல்டர்னேட்டர் பின்னால், அந்த விளக்கிலிருந்து வருகிற மெல்லிய ஒயரைக் கழற்றி அதன் முனையை இன்ஜின் பாடியில் தொட வையுங்கள். தடித்ததைத் தொட வைத்துவிடாதீர்கள்! இப்போது விளக்கு எரிந்தால் பல்பும் ஒயரும் சரி, கோளாறு ஆல்டர்னேட்டருக்கு உள்ளே, அனேகமாக கார்பன் (ரோட்டருக்கு கரண்ட் கொடுக்கிற, தேய்கிற கரித்துண்டு). அப்போதும் எரியவில்லை என்றால் பல்பு, ஃபியூஸ், இல்லை நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. 24 வோல்ட் 3 வாட் பல்பு ஒன்று மாற்றினால் வேலை முடிந்தது.

இதில் புதுசாக ஒரு வம்பு வந்திருக்கிறது. டேஷ்போர்டை அழகாக்குகிறேன் என்று எல்லா பல்பையும் எல்இடியாக மாற்றிவிடுகிறார்கள். எல்இடி இழுக்கிற கரண்ட் ரோட்டருக்குப் போதாது. "காலையில ஸ்டார்ட் பண்ணா ஏறாது, கொஞ்ச தூரம் போனா ஏறுது" என்று யாராவது சொன்னால் அந்த ஒரு இடத்தில் மட்டும் பழைய இழை பல்பை மாட்டச் சொல்லுங்கள்.

பெல்ட் சரி, பல்பும் சரி என்றால் இனி மீட்டர். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, டேஷ்போர்டு பெட்டியில் ஒன்று கிடக்கட்டும். இன்ஜின் ஓடாதபோது இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து 25.2க்கு மேல் இருந்தால் நிறைவு, 24.4 என்றால் பாதி, 24க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. ஸ்டார்ட் பண்ணி நிதானமாக ரேஸ் கொடுத்து வைத்தால் 27.5 முதல் 28.5 வரை வர வேண்டும். ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்ட பிறகும் 27க்குக் கீழே போகக் கூடாது. இன்ஜின் ஓடியும் 24லேயே நின்று மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று உறுதி.

ஏறவில்லை என்றதும் ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடாதீர்கள். அதே மீட்டரை ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் இருக்கிற போல்ட்டில் வைத்து, இன்ஜின் பாடியில் எர்த் வைத்துப் பாருங்கள். அங்கே 28.5, பேட்டரியில் 25.5 என்று காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது, வழியில்தான் யாரோ பிடுங்குகிறார்கள். இன்ஜின் ஓடும்போதே, ஹெட்லைட்டையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை அந்த போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும், அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் அடைப்பு. ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் இதே மாதிரி பார்த்தால் கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு இணைப்பாகத் தாண்டித் தாண்டி வைத்துப் பார்த்தால் திருடன் அகப்பட்டுவிடுவான். மீட்டர் இல்லையென்றால் கை இருக்கிறது: ஓட்டிவிட்டு இன்ஜினை நிறுத்தி ஒவ்வொரு லக்காகத் தொட்டுப் பாருங்கள், எது சுடுகிறதோ அதுதான்.

பெரும்பாலும் சுடுவது கட் ஆஃப் சுவிட்ச். சேஸிஸ் பக்கத்தில் சேறும் தண்ணீரும் அடிக்கிற இடத்தில் வைத்திருப்பார்கள், உள்ளே செம்பு கருத்துப்போயிருக்கும். அடுத்தது இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் போகிற பின்னல் எர்த் பட்டை. கிளட்ச் வேலைக்கு கியர்பாக்ஸை இறக்கினால் மறுபடி மாட்ட மறக்கிற முதல் சாமான் அதுதான். அது இல்லாமலும் வண்டி ஓடும், கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவும் கியர் ராடு வழியாகவும் திரும்பிக்கொண்டிருக்கும். செல்ப் அடிக்கும்போது அந்த ஆக்சிலரேட்டர் கேபிள் சூடாகிறது என்றால் வேறு எங்கும் தேடாதீர்கள், அவசரத்துக்கு ஒரு தடித்த கேபிளை இன்ஜின் போல்ட்டிலிருந்து சேஸிஸுக்கு இழுத்துக் கட்டினால் போதும். பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, பிளேடால் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு இறுக்குங்கள். மேலே கிரீஸ் தடவுவதெல்லாம் இறுக்கிய பிறகுதான், முன்னால் இல்லை.

இனி பாடி ஒயரிங். சேஸிஸோடு வருகிற ஒயரிங் ஒன்று. கரூர் மாதிரி ஊரில் பாடி கட்டும்போது லைட், ஃபேன், டிவி, பாட்டு செட் என்று போட்டது இன்னொன்று. அதற்குப் பின் வந்த எலக்ட்ரீஷியன்கள் ஆளாளுக்கு இழுத்தது மூன்றாவது. இதற்கெல்லாம் எந்த வரைபடமும் கிடையாது. இதில் பேட்டரியைக் கொல்லுகிற ஒரு வழக்கம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட், வண்டி 24 வோல்ட். கன்வர்ட்டர் வாங்க மனமில்லாமல் இரண்டு பேட்டரிக்கும் நடுவிலுள்ள இணைப்பிலிருந்து ஒரு ஒயரை இழுத்து ஒரே ஒரு பேட்டரியில் பாட்டு செட்டை ஓட்டுவார்கள். பாட்டு கேட்கும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும், எல்லாம் சரியாக இருக்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் ஆல்டர்னேட்டருக்குத் தெரிவது மொத்தக் கணக்கு மட்டும்தான். பாட்டுக்குக் கொடுக்கிற பேட்டரி எப்போதும் பசியோடு கிடக்கும், மற்றது தேவைக்கு மேல் வாங்கிக் கொதிக்கும். மொத்தமாக 28 காட்டும், தனித்தனியாக வைத்துப் பார்த்தால் ஒன்றில் 13, இன்னொன்றில் 15. சரியாக இருந்தால் ஒவ்வொன்றும் 14ஐ ஒட்டி இருக்கும். ஒரு பேட்டரியில் மட்டும் அடிக்கடி தண்ணீர் குறைகிறது என்றால் அதுவே அடையாளம். அந்த நடு ஒயரைக் கழற்றி எறியுங்கள். டிரிப் முடியும்வரை அதை விட்டுவைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு பேட்டரியையும் இடம் மாற்றிப் போட்டால் ஓரளவு சமாளிக்கும். ஊருக்குப் போனதும் 24லிருந்து 12க்கு ஒரு கன்வர்ட்டர். ஒன்றை மட்டும் புதுசு வாங்கி பழசோடு ஜோடி சேர்ப்பதும் இதே நோயைத்தான் கொடுக்கும், வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள்.

ஆல்டர்னேட்டரிலேயேதான் கோளாறு என்று தெரிந்துவிட்டால், சாவியைப் போட்டு, இன்ஜின் ஓடாமல், பின்பக்க பேரிங் அருகே ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையைக் கொண்டுபோங்கள். காந்தம் மாதிரி இழுத்தால் ரோட்டருக்கு கரண்ட் போகிறது. இழுக்கவே இல்லையென்றால் கார்பன் தேய்ந்திருக்கும், இல்லை வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிற கட் அவுட் (ரெகுலேட்டர்) போயிருக்கும். ஸ்பேனர் பிடியால் பின்பக்கத்தில் லேசாகத் தட்டியதும் விளக்கு அணைந்து ஏற ஆரம்பித்தால் கார்பன்தான். அந்தத் தட்டு ஊர் போய்ச் சேரும்வரை உதவினாலும் உதவும். பல மாடல்களில் கார்பனும் கட் அவுட்டும் ஒரே துண்டாக இரண்டு, மூன்று ஸ்க்ரூவில் கழன்று வந்துவிடும். கார்பன் வெளியே நீட்டியிருப்பது 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மாற்றுங்கள். உங்கள் ஆல்டர்னேட்டர் நம்பருக்கு ஏற்ற செட் ஒன்று வண்டியிலேயே இருந்தால் நடுராத்திரியில் யாரையும் எழுப்ப வேண்டாம். விளக்கு மங்கலாக, பாதி உயிரோடு எரிகிறது என்றால் டயோடு சந்தேகம், அதை ரோட்டில் பார்க்க முடியாது.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. மீட்டர் 30ஐத் தொடுகிறது, பல்பு ஒவ்வொன்றாகப் போகிறது, பேட்டரியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வருகிறது என்றால் கட் அவுட் கட்டுப்பாடு இழந்துவிட்டது. இன்ஜினை நிறுத்தி அந்த மெல்லிய ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். அனேகமாக ஏறுவது நின்றுவிடும், பேட்டரியில் இருப்பதை வைத்து ஓட்டலாம். பேட்டரி பெட்டிக்குப் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது, பேட்டரியிலிருந்து வருகிற வாயு வெடிக்கும்.

இருப்பதை வைத்து எவ்வளவு நேரம்? டிம்மில் இரண்டு ஹெட்லைட் 140 வாட், அதாவது 6 ஆம்பியர். பார்க்கிங், டெயில், மீட்டர் விளக்கு 2 அல்லது 3. வைப்பர் ஓடினால் இன்னும் 3, 4. ஆக 12 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 ஆம்பியர் அவர் பேட்டரி புதுசாக, நிறைவாக இருந்தால் அதில் பாதியை நம்பி 6 மணி நேரம். இரண்டு வருஷம் ஓடிய பேட்டரி என்றால் 2 மணி நேரத்துக்கு மேல் நம்பாதீர்கள். மலைப்பாதையில் இருட்டில் அந்தக் கணக்கையும் போடாதீர்கள். ஆட்களோடு விடியும்வரை ஒரு மண்டபத்தில் தங்கிவிடுங்கள், சாமிகள் கோபித்தாலும் பரவாயில்லை.

வழியில் நின்றுவிட்டால் லாரிக்காரரிடம் கேளுங்கள், அதுவும் 24 வோல்ட். காரிலிருந்து எடுக்க முயலாதீர்கள். இரண்டு பேட்டரியின் மொத்த பிளஸ்ஸிலிருந்து மொத்த பிளஸ்ஸுக்கு ஒரு கேபிள், மைனஸை கடைசியாக உங்கள் சேஸிஸில் பேட்டரியிலிருந்து தள்ளி. தள்ளி ஸ்டார்ட் பண்ணினாலும் இன்ஜின் எடுக்கும், ஆனால் பேட்டரி முழுசாகச் செத்திருந்தால் ஆல்டர்னேட்டர் எழும்பாது, நிறுத்தினால் மறுபடியும் தள்ள வேண்டியதுதான்.

கடைசியில் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் "சார்ஜ் ஏறல" என்று மட்டும் சொல்லாமல், போல்ட்டில் இவ்வளவு, பேட்டரியில் இவ்வளவு, விளக்கு இப்படி எரிகிறது என்று சொல்லுங்கள், வேலை பாதியாகக் குறையும். வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன் ஸ்டார்ட் பண்ணி, ஹெட்லைட், வைப்பர், உள் விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு உங்கள் மீட்டரை பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 27க்குக் கீழே என்றால் இன்னும் முடியவில்லை.