ஊர்ல இருக்கற பழைய கத்தோலிக்கக் கோயிலையும் நம்ம சின்ன வயசு ஞாபகத்தையும் பதிஞ்சு வைக்கிறது எப்படி

திருவிழாவுக்கு முன்னாடி கோயிலுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டா உடனே ஊருக்குக் கிளம்பிருங்க. ஒரு டப்பா எனாமல் பெயிண்ட் போதும், நூறு வருஷத்துச் சுரூபத்தோட, அதான் புனிதர் சிலையோட, மூஞ்சியே மாறிப்போகும், கண்ணுல இருந்த அந்த அமைதி திரும்ப வராது.

ஆனா கேமராவத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. வீட்ல ஒக்காந்து, எந்த போட்டோவும் பாக்காம, ஞாபகத்துல இருக்கறத மொதல்ல எழுதிருங்க. இப்ப இருக்கற கோயிலப் பாத்துட்டோம்னா பழசும் புதுசும் கலந்துரும், அப்புறம் பிரிக்கவே முடியாது. ஒரு தாள்ல வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் படம் போட்டு, பொம்பளைங்க எந்தப் பக்கம், ஆம்பளைங்க எந்தப் பக்கம், நீங்க யார் மடியில ஒக்காந்திருந்தீங்க, ஞானஸ்நானத் தொட்டி எங்க இருந்துச்சுன்னு குறிங்க. நாமெல்லாம் தரையில ஒக்காந்துதான பூசை பாத்தோம், அதனால நமக்குத் தெரிஞ்சதெல்லாம் கீழ்ப்பாதிதான். மிக்கேல் சம்மனசு (தேவதூதர்) மூஞ்சி ஞாபகம் இருக்காது, அவர் காலுக்கடியில கெடக்கற பிசாசோட பல்லு நல்லா ஞாபகம் இருக்கும். அத அப்படியே எழுதுங்க, பெரியவங்க எழுதுற வரலாத்துல இதெல்லாம் வரவே வராது.

கோயிலுக்குப் போறப்ப பங்குச்சாமியார்கிட்ட முன்கூட்டியே பேசிட்டு, பூசை இல்லாத நேரமாப் பாத்துப் போங்க. எந்தப் புனிதர்னு தெரியலன்னா கையில இருக்கறதப் பாருங்க: சாவி வச்சிருந்தா ராயப்பர் (பேதுரு), வாளோட புத்தகம்னா சின்னப்பர் (பவுல்), குழந்தை இயேசுவும் லீலிப்பூவும் பழுப்பு அங்கியும்னா அந்தோணியார், ஒடம்புல அம்பு பாய்ஞ்சிருந்தா செபஸ்தியார். நம்ம மதுரை, சிவகங்கை பக்கம் காவி உடுத்துன சுரூபம் இருந்தா பெரும்பாலும் அருளானந்தராத்தான் (ஜான் டி பிரிட்டோ) இருப்பார், 1693ல ஓரியூர்ல தலை வெட்டுப்பட்டு செத்தவர்.

போட்டோ எடுக்கறப்ப பிளாஷ் வேணாம். ஒருத்தர டார்ச்ச சுரூபத்துக்குப் பக்கவாட்டுல புடிக்கச் சொல்லுங்க, வெளிச்சம் சாய்வா விழுந்தா விரிசல், உளித்தடம், பழைய பெயிண்ட் அடுக்கு எல்லாம் எந்திரிச்சுத் தெரியும். எங்க ஊர் சவேரியார் பாதத்துல பெருவிரல்கிட்ட மட்டும் பெயிண்ட் தேஞ்சு உள்ள இருக்கற வெள்ளைச் சுதை தெரியும், அத்தனை வருஷமா ஜனங்க தொட்டு முத்தி பண்ணி (முத்தம் குடுத்து) வந்த எடம் அது, அந்த மாதிரி எடத்த கிட்டப் போய் எடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு. கலர் கண்ணாடிக்கு வெயில் அதுக்குப் பின்னாடி இருக்கற நேரமாப் போகணும், கிழக்குக் கண்ணாடின்னா காலையில. போன்ல கண்ணாடிய டச் பண்ணி பிரைட்னஸ நல்லாக் கொறைங்க, இல்லன்னா வெறும் வெள்ளையாப் போயிரும். தூசி இருக்கேன்னு ஈரத்துணி வச்சுத் தொடைக்கவே கூடாது, கலர் கையோட வந்துரும். செவுரு சுண்ணாம்புக் காரையா இருந்தா சிமெண்ட் பூச வேணாம்னு கோயில் நிர்வாகத்தப் பாக்கற பங்குப் பேரவை ஆளுங்ககிட்டயும் சொல்லுங்க, ஈரம் உள்ளேயே நின்னு காரை பொத்துப் போயிரும்.

கண்ணப் பழக்கணும்னா ஒருநாள் இடைக்காட்டூர் போயிட்டு வாங்க, மதுரையில இருந்து மானாமதுரை போற வழியில திரும்பணும், 36 கிலோமீட்டர்தான். பிரான்ஸ்ல ரீம்ஸ் நகரத்துப் பேராலயத்த மனசுல வச்சு ஃபாதர் பெர்டினாண்ட் செல் 1894ல கட்டுன திருஇருதயக் கோயில் அது. சும்மா அடுக்குன செங்கல் இல்ல, அச்சுல வார்த்து வார்த்து செஞ்சது, ஒரு தூணு பக்கத்துல நின்னு கீழ இருந்து மேல வரைக்கும் மெதுவாப் பாருங்க, அப்புறம் உங்க ஊர்க் கோயில்லயும் இதுவரைக்கும் கண்ணுக்குப் படாததெல்லாம் படும்.

அடுத்து தாத்தா பாட்டிங்க. 1962-65ல நடந்த ரெண்டாம் வத்திக்கான் சங்கம்ங்கற திருச்சபைப் பெருங்கூட்டத்துக்கு அப்புறம்தான் தமிழ்ல பூசை வந்துச்சு, பீடமும் ஜனங்களப் பாத்துத் திரும்புச்சு. லத்தீன் பூசைக்கு மணி அடிச்ச பையனுக்கு இன்னைக்கு எழுபதுக்கு மேல ஆகுது, அதனால தள்ளிப் போடாதீங்க. "பழசெல்லாம் சொல்லுங்கப்பா"ன்னு கேட்டா ஒன்னும் வராது. எடுத்த போட்டோவக் கையில குடுத்து "அப்பத்தா, இந்த மாதாவுக்கு முன்னாடி என்ன கலரு சேலை?"ன்னு கேட்டுப் பாருங்க, ஒரு மணி நேரம் பேசுவாங்க. போன்ல ரெக்கார்டு போட்டுட்டு குறுக்க பேசாம இருங்க. எந்தத் தெருக்காரங்க எங்க ஒக்காந்தாங்கன்னும் கேளுங்க, நம்ம பக்கத்துக் கோயில்கள்ல சாதி பாத்து ஒக்கார வச்சதும் உண்டு, சொல்றவங்க மனசு நோகாமக் கேட்டு மறைக்காம எழுதணும்.

தேதி வேணும்னா பங்கு ஆபீஸ்ல ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். சிவகங்கை மறைமாவட்டம் 1987லதான் மதுரையில இருந்து பிரிஞ்சுச்சு, அதனால அந்தப் பக்கத்து ஊருக்காரங்க மதுரையிலயும் விசாரிங்க. இயேசு சபைச் சாமியார்கள் எழுதுன பழைய கடுதாசிகளுக்குக் கொடைக்கானல் செண்பகனூர் ஆவணக்காப்பகத்துக்கு எழுதிக் கேக்கலாம்.

வீடுகள்ல கெடைக்கற கல்யாண, புதுநன்மை (முதல் தடவை நற்கருணை வாங்கறது) போட்டோக்கள 600 டிபிஐல ஸ்கேன் பண்ணிட்டு அன்னைக்கே திருப்பிக் குடுத்துருங்க, பின்னாடி பேர் எழுதணும்னா பென்சில்தான், பால்பேனா வேணாம். ஃபைல் பேர்லயே ஊரு, சுரூபம், வருஷம் மூணையும் போட்டு, ஒரு காப்பி பங்கு ஆபீஸுக்கும் ஒன்னு வெளியூர்ல இருக்கற சொந்தக்காரங்களுக்கும் குடுத்து வைங்க.