விக்கிப்பீடியாவுக்குத் திரும்பி வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் கல்லூரியில் படித்துக்கொண்டே கட்டுரை எழுதியவர்களுக்கு இன்று நாற்பது வயது நெருங்கியிருக்கும். நடுவில் எத்தனையோ நடந்திருக்கும். வேலை போயிருக்கும், மணமுறிவு ஆகியிருக்கும், நாடு மாறியிருப்பார்கள், படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் சில ஆண்டுகள் ஓடியிருக்கும். கொரோனாவில் வீட்டில் ஆளை இழந்தவர்களும் உண்டு. இப்படி விலகிப் போனவர் ஒருநாள் மறுபடி எட்டிப் பார்க்கிறார். வரவேண்டியதுதான். ஆனால் மனம் ஆறாத நேரத்தில் வரும்போது சில தவறுகள் தன்னால் நடந்துவிடுகின்றன. அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பில், அது ஊரே பார்க்கும் இடம் என்பது மறந்துபோகிறது. நான் பார்த்தவரை பெரும்பாலான சிக்கல்களுக்கு இதுதான் வேர்.

ஆலமரத்தடியில் முழுக்கதையும் சொல்வது

பொது உரையாடலுக்கு ஆலமரத்தடி என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரே உட்கார்ந்து பேசச் சொல்கிறது. அதனால் திரும்பி வருகிறவர் முதல் வேலையாக அங்கே போய், நடந்த துயரத்தையெல்லாம் கொட்டிவிடுகிறார்.

விக்கியில் ஒருமுறை சேமித்தது எதுவும் தானாக அழியாது. நாளைக்கு மனம் மாறி அந்தப் பத்தியை நீக்கினாலும், பக்கத்தின் வரலாற்றில் பழைய பதிப்பு தேதி, நேரத்தோடு அப்படியே இருக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். நிர்வாகி ஒருவர் அந்தப் பதிப்பை மறைத்தால்தான் மற்றவர் கண்ணில் படாமல் போகும். அதற்குள் எத்தனை பேர் படித்தார்கள், எங்கே நகலெடுத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? மணமுறிவு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்றால் இன்னும் கவனம் தேவை. முன்னாள் துணையைப் பற்றிக் கோபத்தில் எழுதிய ஒரு வரியை எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் படிக்கலாம். பிள்ளைகளின் பெயர், நோயின் பெயர், மருந்து விவரம் எதுவும் அங்கே வேண்டாம்.

“குடும்பச் சூழலால் சில ஆண்டுகள் வர முடியவில்லை. இனி முடிந்தபோது எழுதுவேன்.” இவ்வளவு போதும். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. மனம்விட்டுப் பேச ஒருவர் வேண்டும் என்றால், அவருடைய பயனர் பக்கத்திலிருந்தே மின்னஞ்சல் அனுப்பும் வசதி இருக்கிறது. இருவரும் கணக்கில் மின்னஞ்சல் கொடுத்து உறுதிசெய்திருந்தால் அது வேலை செய்யும்.

அவசரப்பட்டுப் புதுக் கணக்கு திறப்பது

வேலை போனவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. பழைய கணக்கில் அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்திருப்பார்கள். கடவுச்சொல் மறந்துபோய் மீட்கப் பார்த்தால், மீட்புக் கடிதம் இப்போது கையில் இல்லாத அஞ்சல்பெட்டிக்குப் போகிறது. மின்னஞ்சலே கொடுக்காதவர்கள் பாடு இன்னும் மோசம். அந்தக் கணக்கை மீட்பது ஏறக்குறைய நடக்காத காரியம். வேறு வழியில்லை என்றால் புதுக் கணக்கு திறக்கலாம். ஆனால் புதிய பயனர் பக்கத்தில் “முன்பு இந்தப் பெயரில் எழுதினேன்” என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். சொல்லாமல் இரண்டு கணக்கில் நடமாடினால், ஒரே ஆள் வேறு ஆள்போல் நடிக்கத் திறக்கும் கைப்பாவைக் கணக்கோ என்ற சந்தேகம் வரும். அதை அப்புறம் விளக்கிக்கொண்டிருப்பது பெரிய தலைவலி.

பெயர் மாறியவர்கள் புதுக் கணக்கு திறக்கவே வேண்டாம். பயனர் பெயரை மாற்றித் தரும்படி கேட்கலாம். 2015 முதல் ஒரே பெயர்தான் எல்லா விக்கிமீடியா திட்டங்களுக்கும் பொது என்பதால், பழைய பங்களிப்புகள் எல்லாம் புதுப் பெயருக்கு வந்துவிடும். ஆனால் பேச்சுப் பக்கங்களில் நீங்கள் முன்பு இட்ட கையொப்பங்கள் பழைய பெயரிலேயே கிடக்கும், பெயர் மாற்றிய பதிவும் பொதுவில் இருக்கும். பின்தொடர்ந்து தொல்லை தருகிற ஆள் யாராவது இருந்தால் இது ஆபத்து. அந்த நிலையில் எதையும் செய்வதற்கு முன் நம்பிக்கையான நிர்வாகி ஒருவரிடம் தனியாக மின்னஞ்சலில் பேசிவிடுங்கள்.

இறந்தவருக்குக் கட்டுரை எழுதுவது

இதைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் துக்கத்தோடு திரும்புகிறவருக்கு மிக ஆழமான காயம் இங்கேதான் படுகிறது. அப்பா போய்விட்டார். ஊரில் நாலு பேருக்கு நல்லது செய்தவர், நன்றாகப் பாடுவார், பள்ளிக்கு நிலம் கொடுத்தவர். நமக்கு விக்கியில் எழுதத் தெரியும்; அவருக்கு ஒரு பக்கம் இல்லாமல் போகலாமா என்று தோன்றும். தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் விக்கிப்பீடியாவுக்குக் குறிப்பிடத்தக்கமை என்று ஓர் அளவு இருக்கிறது. ஒருவரைப் பற்றி அவரோடு தொடர்பில்லாத நூல்களோ நாளிதழ்களோ விரிவாக எழுதியிருக்க வேண்டும். கண்ணீர் அஞ்சலி விளம்பரம், குடும்பத்தார் அச்சிட்ட நினைவு மலர் இவை அந்தக் கணக்கில் சேரா. கூடவே நலமுரண் என்ற சிக்கல்: பெற்ற தகப்பனைப் பற்றி நடுநிலையாக எழுத யாரால் முடியும்? எழுதிய சில நாளில் யாரோ ஒருவர், கட்டுரையை நீக்கலாம் என்று அறிவிக்கும் நீக்கல் வார்ப்புருவை இடுவார். அவருக்கு அது தினசரித் துப்புரவு. எழுதியவருக்கோ அப்பாவை மறுபடி தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பது போல இருக்கும். பேச்சுப் பக்கத்தில் “இவருக்குப் போதிய முக்கியத்துவம் இல்லை” என்று முன்பின் தெரியாத ஒருவர் எழுதுவதைத் தாங்கும் நிலையில் இல்லாதவர் அந்த வாய்ப்பையே கொடுக்கக்கூடாது.

படத்திலும் இதே கதை. ஸ்டுடியோவில் எடுத்த அப்பாவின் படம் நம் வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் படத்தின் காப்புரிமை எடுத்தவருடையதா, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருடையதா என்பது நாட்டுக்கு நாடு மாறும். படத்தில் இருக்கிறார் என்பதாலோ படம் வீட்டில் இருக்கிறது என்பதாலோ மட்டும் அது நம்முடையது ஆகிவிடாது. உரிமம் தெளிவாக இல்லாத படத்தை, விக்கித் திட்டங்களின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றினால் நீக்கிவிடுவார்கள்.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அவர் நெசவாளி என்றால் அந்த ஊர் நெசவைப் பற்றி எழுதலாம், நூல்களில் சான்று தேடிச் சேர்க்கலாம். அவர் படித்த பள்ளி, குளித்த குளம், ஊர்க் கோயில் இவற்றை நீங்களே படமெடுத்து ஏற்றலாம். அது உங்கள் படம், உரிமம் தருவதில் தடையில்லை. இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் 31ஆம் நாள் நினைவு மலர் வெளியிடும் வழக்கம் உண்டு. அதைக் கல்வெட்டு என்றும் சொல்வார்கள். நூலகம் என்ற எண்ணிம நூலகத் திட்டம் இத்தகைய மலர்களையும் சேர்த்து வைக்கிறது. அவற்றுக்கு உரிய இடம் அதுதான்.

பழைய கட்டுரைகளைப் போய்ப் பார்த்துச் சண்டை பிடிப்பது

திரும்பியதும் கை முதலில் போவது நாம் எழுதிய கட்டுரைகளுக்குத்தான். தலைப்பு மாறியிருக்கும், பத்திகள் போயிருக்கும், தானாகத் திருத்தும் நிரலான தானியங்கி ஒன்று பகுப்புகளை மாற்றியிருக்கும். உடனே எல்லாவற்றையும் பழையபடி ஆக்குவது பெரிய தவறு. நாம் எழுதியபோதே யாரும் மாற்றலாம் என்ற உரிமத்தில்தான் கொடுத்தோம். வரலாற்றைத் திறந்து, ஏன் மாற்றினார்கள் என்று, மாற்றியவர் எழுதிவைக்கும் குறிப்பான தொகுப்புச் சுருக்கத்தைப் படியுங்கள். பேச்சுப் பக்கத்தையும் பாருங்கள். பாதிக்கு மேல் நியாயம் இருக்கும்.

செருமனியா, ஜெர்மனியா, ஜேர்மனியா என்ற மாதிரியான பழைய வழக்குகளைத் தூசு தட்டாதீர்கள். கிரந்த எழுத்து, தமிழக வழக்கு, ஈழ வழக்கு என்று அங்கே நடக்காத விவாதம் இல்லை. அன்று உங்களோடு மல்லுக்கட்டியவரும் இப்போது அங்கே இல்லாமல் இருக்கலாம்.

வலியை மறக்க ராப்பகலாகத் தொகுப்பது

தூக்கம் வராத இரவுகளில் மொழிபெயர்ப்புக் கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கட்டுரைகளை வெளியிடுவது ஒரு போதை. எந்திர மொழிபெயர்ப்பை அப்படியே சேமித்தால் அதைத் திருத்த இன்னொருவர் உட்கார வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்குப் பழைய அனுபவம் உண்டு: 2009, 2010 வாக்கில் கூகுள் தன் கருவியையும் மொழிபெயர்ப்பாளர்களையும் வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றியபோது, தரம் பற்றிப் பயனர்கள் உரக்கவே முறையிட்டார்கள். உங்கள் அவசரத்தையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

முன்பு நிர்வாகியாக இருந்தவர்களுக்கு ஒரு சொல். நீண்ட நாள் செயல்படாதவரின் நிர்வாக அணுக்கத்தை, அதாவது நிர்வாகிக்கு உரிய சிறப்பு உரிமைகளை, எடுத்துவிடுவது பெரும்பாலான விக்கித் திட்டங்களில் இருக்கிற நடைமுறை. தனி விதி வகுக்காத திட்டங்களில் 2 ஆண்டு எந்தச் செயலும் இல்லாவிட்டால் பொது விதிப்படி, எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான மேலாளர்கள் நீக்கிவிடலாம். கணக்கின் பாதுகாப்புக்காகச் செய்வது அது. அவமானமாக எடுத்துக்கொண்டு ஆலமரத்தடியில் நியாயம் கேட்கக் கிளம்பாதீர்கள். சில மாதம் எழுதிவிட்டு, தேவை என்றால் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

“என்னை யாரும் தேடவில்லையே”

உங்கள் பயனர் பேச்சுப் பக்கத்தைத் திறந்தால் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த செய்திகள். போட்டி அறிவிப்பு, படத்தை நீக்கப்போகிறோம் என்ற எச்சரிக்கை, மறுபடி போட்டி அறிவிப்பு. எங்கே போனீர்கள் என்று ஒருவர் கூடக் கேட்டிருக்க மாட்டார். வலிக்கத்தான் செய்யும். ஆனால் அங்கே பலருக்கு ஒருவரின் ஊர் தெரியாது, உண்மைப் பெயர் தெரியாது. ஒருவர் எழுதுவதை நிறுத்தினால் அவருடைய தனிவாழ்வில் தலையிடக்கூடாது என்றே பலர் கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். நீங்களும் எத்தனை பேரைத் தேடினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதைவிட நல்லது, ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்துக்குப் போய்ப் பழகிய பெயர் ஏதாவது தென்பட்டால் அவருடைய நல்ல தொகுப்பு ஒன்றுக்கு நன்றிப் பொத்தானை அழுத்துவது. அவருக்கு அறிவிப்பு போகும். நீங்கள் வந்தது தெரிந்துவிடும்.

முதல் சில வாரங்களுக்கு எழுத்துப்பிழை திருத்தம், மேற்கோள் சேர்ப்பது, உடைந்த இணைப்பைச் சரிசெய்வது போதும். போட்டி ஒருங்கிணைப்பு, பயிற்சிப் பட்டறை என்று யாராவது அன்போடு பொறுப்பைக் கொடுத்தால், இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டுச் சூழல் மறுபடி இழுத்துக்கொண்டு போகலாம். அப்படிப் போகவேண்டி வந்தால் பயனர் பக்கத்தில் விடுப்பில் இருப்பதாக ஒரு வரி எழுதி, பாதியில் நிற்கும் கட்டுரைகளின் பெயரையும் போட்டுவிட்டுப் போங்கள். யாராவது எடுத்து முடிப்பார்கள்.