லைவுக்குப் போகும் பாதையை முதலில் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்

புதிதாக ஒரு மென்பொருள் டீமுக்கோ ஐடி பிரிவுக்கோ பொறுப்பு எடுத்திருக்கிறீர்களா? முதல் வாரத்தில் டூல் எதையும் வாங்காதீர்கள், யாரையும் அஜைல் (வேலையைச் சிறு சிறு துண்டாகச் செய்யும் முறை) பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். உங்கள் செயலியில் ஒரு எழுத்துப்பிழையைத் தேடிப் பிடியுங்கள் (கட்டாயம் இருக்கும்), அதைத் திருத்தி லைவுக்கு (பயனர்கள் பயன்படுத்தும் நிஜ சர்வருக்கு) அனுப்பச் சொல்லுங்கள், குறுக்கே பேசாமல் கூடவே இருந்து பாருங்கள். கோடை (code, நிரலை) மாற்றியது யார், அவர் யாருடைய பதிலுக்காகக் காத்திருந்தார், டிக்கெட் (வேலைக்கோரிக்கைப் பதிவு) யாரிடம் எத்தனை நாள் தூங்கியது, கடைசியில் சர்வரில் கை வைத்தது யார், அன்று அவர் விடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படிக்கும் எதிரே வேலை நேரத்தையும் காத்திருந்த நேரத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். வேலை நிமிடக் கணக்கிலும் காத்திருப்பு நாள் கணக்கிலும் வந்தால், புரோகிராமர்களை வேகமாக டைப் அடிக்கச் சொல்லி ஒரு பயனும் இல்லை.

அடுத்து, அந்தத் தாளில் மனிதர் கையால் நடக்கும் படிகளைப் பாருங்கள். ஃபைலை காப்பி செய்வது, சர்வரில் நுழைந்து கமாண்ட் அடிப்பது, கான்ஃபிகை (செயலியின் அமைப்பு விவரங்களை) மாற்றுவது போன்றவை. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்ததே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. 8 சர்வர்களில் புது கோடு ஏற வேண்டும், ஏறியது ஏழில் மட்டும். விடுபட்ட சர்வரில் பல வருடமாகப் பயன்படாத ஒரு பழைய கோடு படுத்திருந்தது. புது வசதியைத் தொடங்கி வைக்க அந்தப் பழைய கோடின் ஃபிளாகையே (ஆன்/ஆஃப் சுவிட்ச் போன்ற அடையாளத்தையே) மறுபடி எடுத்துப் பயன்படுத்தியிருந்ததால் அது எழுந்து ஆர்டர்களைக் கொட்ட ஆரம்பித்தது. பதறிப்போய் ஏழு சர்வரிலும் புது கோடை நீக்கினார்கள், அங்கேயும் பழையது எழுந்துகொண்டது, நஷ்டம் இன்னும் ஏறியது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள மூன்று வேலைகள் இருக்கின்றன. டெப்ளாய் (புது கோடை சர்வரில் ஏற்றுவது) முழுவதையும் ஸ்கிரிப்டாக்கி (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பாக்கி), எல்லா சர்வரிலும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்பதையும் அந்த ஸ்கிரிப்டே சரிபார்க்க வையுங்கள். செத்த கோடை அழியுங்கள், "எதற்கும் இருக்கட்டும்" என்று வைத்துக்கொள்ள வேண்டாம், கிட்டில் (Git, கோடின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் மென்பொருள்) வரலாறு பத்திரமாக இருக்கிறது. மூன்றாவது ரோல்பேக், அதாவது பழைய பதிப்புக்குத் திரும்புவது. அதை விபத்து நடக்கும் நேரத்தில் யோசிக்கக் கூடாது, சாதாரண நாளில், பிரச்சினை எதுவும் இல்லாதபோதே வேண்டுமென்று ஒருமுறை பழைய பதிப்புக்குத் திரும்பிப் பார்த்துவிட வேண்டும்.

ரோல்பேக் என்றதும் "டேட்டாபேஸை மாற்றிவிட்டால் எப்படித் திரும்புவது?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி, இதற்கு உண்மையிலேயே நேரம் கொடுக்க வேண்டும். டேபிளில் முழுப்பெயர் என்று ஒரே காலம் (column, நெடுவரிசை) இருக்கிறது, அதை முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ராத்திரியில் பழையதை அழித்துப் புதியதைப் போட்டால் திரும்பி வர வழியில்லை. அதற்குப் பதிலாக முதல் டெப்ளாயில் புது காலம் இரண்டையும் காலியாகச் சேர்த்து விடுங்கள், பழைய கோடுக்கு அது தெரியவே தெரியாது. இரண்டாவதில், எழுதும்போது பழையதிலும் புதியதிலும் சேர்த்தே எழுதும்படி கோடை மாற்றுங்கள். பிறகு ஏற்கெனவே உள்ள தரவைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள், ஒரே கட்டளையில் மொத்த டேபிளையும் நிரப்பப் போய் அது லாக் ஆகி (பூட்டிக்கொண்டு) எல்லோரும் முழித்துக்கொண்டு நிற்க வேண்டாம். நிரம்பியதும் மூன்றாவது டெப்ளாயில் படிப்பதைப் புதிய காலங்களுக்கு மாற்றுங்கள். ஒரு வாரம் ஓடட்டும், ஏதாவது இடித்தால் ஒரு படி மட்டும் பின்னால் போனால் போதும். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் பழைய காலத்தை எடுப்பது. வேலை கூடுதல்தான், மறுக்கவில்லை, ஆனால் அந்தக் கடைசிப் படி வரை எந்த இடத்திலிருந்தும் பத்திரமாகத் திரும்பலாம்.

சரி, எல்லாப் பயனர்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாமா? கூடாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன என்பது மைக்ரோசாஃப்டின் மதிப்பீடு. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றும்கூட, அதற்குள் விழுந்துவிட்ட கணினிகள் பலவற்றை ஆட்கள் நேரில் போய் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருந்தது. ஆகவே முதலில் உங்கள் சொந்த ஊழியர்களுக்கு, பிறகு நூற்றில் ஒருவருக்கு, பிறகு நூற்றில் பத்துப் பேருக்கு, அப்புறம்தான் எல்லோருக்கும். நடுவே எர்ரர் எண்ணிக்கையைப் பார்த்து, ஏறினால் தானாக நிற்கும்படி வையுங்கள். "இது கோடு இல்லை, வெறும் கான்ஃபிக்தான்" என்று யாராவது விலக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள், கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பியதும் கான்ஃபிக் வகைதான்.

பேக்கப் பற்றிச் சுருக்கமாக. பேக்கப் எடுக்கிறீர்களா என்று கேட்காதீர்கள், கடைசியாக எப்போது ரீஸ்டோர் செய்து (அதிலிருந்து தரவை மீட்டு) பார்த்தீர்கள் என்று கேளுங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற கோடு சேமிப்புச் சேவை நிறுவனத்தில் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸின் தரவு அழிந்தபோது, வழக்கமான பேக்கப், மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால், சத்தமின்றித் தோற்றுக்கொண்டிருந்தது தெரியவந்தது. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்துத் தரவின் நகல்) காப்பாற்றியது. மாதம் ஒருமுறை ஒரு வெற்று சர்வரில் ரீஸ்டோர் செய்து, எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். நிர்வாகம் கேட்கும்போது சொல்ல உங்களிடம் ஒரு உண்மையான எண் இருக்கும்.

நிர்வாகம் என்றால் ஒப்புதல் கமிட்டியும் வரும். வாரம் ஒருமுறை கூடி, கோடை ஒரு வரிகூடப் பார்க்காத பெரியவர்கள் கையெழுத்துப் போடும் கூட்டம். என் கருத்தில் இது பாதுகாப்புக்காக நடப்பதில்லை, பழியைப் பங்கு போட நடக்கிறது. வெளியிலிருந்து வரும் இப்படிப்பட்ட ஒப்புதல்கள் வேலையைத் தாமதப்படுத்துகின்றன, தோல்வியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் மென்பொருள் டீம்களின் செயல்திறனை ஆராயும் டோரா (DORA) ஆய்வுக் குழுவும் கண்டது. தணிக்கைக்குச் சான்று வேண்டுமென்றால், சக புரோகிராமர் ஒருவர் ரிவ்யூ செய்யாமல் மெர்ஜ் ஆகாது (முதன்மைக் கோடில் சேராது), டெஸ்ட் தேறாமல் டெப்ளாய் ஆகாது என்று சிஸ்டத்திலேயே பூட்டிவிடுங்கள், அந்தப் பதிவே சான்று. ரிவ்யூ உருப்படியாக நடக்க மாற்றம் சின்னதாக இருக்க வேண்டும். இருபது வரி அனுப்பினால் கேள்வி வரும், இரண்டாயிரம் வரி அனுப்பினால் "நன்றாக இருக்கிறது" என்று மட்டும்தான் பதில் வரும்.

அளக்க வேண்டும் என்றால் அதே டோராவின் நான்கு அளவீடுகள் போதும். எத்தனை முறை டெப்ளாய் செய்கிறீர்கள், கமிட் ஆனதிலிருந்து (கோடு மாற்றம் பதிவானதிலிருந்து) லைவுக்கு எவ்வளவு நேரம், அவற்றில் எத்தனை பழுதானது, பழுதானால் மீள எவ்வளவு நேரம். இதை ஆளுக்கு ஆள் பிரித்து ஊதிய உயர்வுடன் கட்டிவிடாதீர்கள், மறுநாளே எண்கள் அழகாகிவிடும், வேலை அப்படியே இருக்கும். இன்னொன்று, 99.9 சதவீதம் சர்வீஸ் இருக்கும் என்று வாக்குக் கொடுக்கும் முன், அதன்படி 30 நாளில் 43 நிமிடம்தான் விழலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த 43 நிமிடம் தீர்ந்துவிட்டால் அந்த மாதம் புது வசதிகளை நிறுத்திவிட்டு நிலைப்படுத்தும் வேலை மட்டும் என்று முன்கூட்டியே பிசினஸ் ஆட்களிடம் ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள், விழுந்த அன்று பேசினால் சண்டைதான் வரும்.

கடைசியாக டெட்லைன். தாமதமான ப்ராஜெக்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார், ஆனாலும் "இன்னும் நாலு பேர் தரட்டுமா?" என்ற கேள்வி உங்களுக்கு வரத்தான் செய்யும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எந்த வசதிகளை அந்தத் தேதிக்கு இல்லாமல் விட்டுவிடலாம் என்று அந்தக் கேள்வி கேட்டவர்களையே வரிசைப்படுத்தித் தரச் சொல்லுங்கள். வாரத்துக்கு நாலு முறை லைவுக்குப் போகும் டீமாக இருந்தால் இது பெரிய பேச்சுவார்த்தையே இல்லை, முடிந்தது ஏற்கெனவே லைவில் இருக்கும், மீதி அடுத்த வாரம் போகும்.